இசைக்கருவி செய்பவர்களோடு பாட்காஸ்ட்: தோள்பையில் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி எதை வாங்கலாம்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். இசைக்கருவி செய்பவர்களைத் தேடிப்போய்ப் பேசி, அதைப் பாட்காஸ்டாக வெளியிடப்போகிறேன். வருமானம் நோக்கமல்ல, விடுமுறை நாள்களில் ஆசைக்குச் செய்வது. மானாமதுரையில் கடம் வனைபவர்கள், நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள், தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் என்று முதல் சுற்றுக்கு ஊர்களை முடிவு செய்துவிட்டேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குப் பெயர் கிடைத்தது, சரி. அதைச் செய்தவர் தன் தொழிலைப் பற்றித் தன் வாயால் பேசுவதை எங்கே போய்க் கேட்பது? அந்த ஆதங்கம்தான் இதற்குக் காரணம்.

என் நிலைமை இது. நான் தனியாள். பஸ்ஸில்தான் போய்வருவேன். பேச்சு நடக்கப்போவது பட்டறையிலும் திண்ணையிலும் சூளைக்குப் பக்கத்திலும். மின்சாரத்தை நம்ப முடியாது. பேசுபவர் ஒருவர், கேட்பவன் நான். எப்போதாவது மூன்றாவதாக ஒருவர் வந்து சேரலாம். பேச்சோடு வாத்தியத்தின் ஒலியும் வேண்டும். கையில் 25,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

இப்போது போனில் பதிவு செய்து பார்க்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. கைக்கு அடக்கமான ரெக்கார்டர் வாங்குவதா, கம்பியில்லாக் காலர் மைக் ஜோடியா, இல்லை நான்கு மைக் செருகும் பாட்காஸ்ட் பெட்டியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செவிச்செல்வம்:

செய்ய வேண்டிய வேலை, தம்பி. கருவியின் பெயருக்குப் போகும் முன் ஒன்று. குரல் கிணற்றுக்குள் போனதற்குக் காரணம் போன் அல்ல, போன் இருந்த இடம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் நேரடிக் குரல் 6 டெசிபெல் கூடும். ஒரு மீட்டர் தள்ளியிருந்த மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 12 டெசிபெல் லாபம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அறை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே மைக் நெருங்க நெருங்கக் குரல் முன்னுக்கு வரும், அறை பின்னுக்குப் போகும். இந்த 12 டெசிபெலை எந்த விலையுயர்ந்த ரெக்கார்டரும் தராது.

இன்று இரவே சோதித்துப் பாருங்கள். அதே போனை விமானப் பயன்முறையில் போட்டு, அடிப்பக்கம் வாயைப் பார்க்கும்படி நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் அடியில்தான் இருக்கும். கேட்டுவிட்டு வாருங்கள், மற்றதைப் பேசுவோம்.

பட்டறைவாசி:

இந்த வேலைக்கு ஜூம் நிறுவனத்தின் ஹெச்1 எசென்ஷியல் என்ற கையடக்க ரெக்கார்டர் போதும். 2024-இல் வந்தது. இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடுகிறது. பத்து மணி நேரம் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பெட்டிக்கடையிலும் அந்த பேட்டரி கிடைக்கும், அதுதான் வெளியூர்ப் பயணத்தில் முக்கியம். எல்லாவற்றையும் விட, மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒருசேரக் கொள்ளும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவாகிறது. ஒலியளவைக் கூட்டுவது, குறைப்பது என்ற கவலையே கிடையாது. மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நாகஸ்வரத்தை எடுத்து ஊதினாலும் பதிவு சிதையாது. வீட்டுக்கு வந்து கணினியில் சரிசெய்துகொள்ளலாம்.

நெல்லைச்சீமை:

பட்டறைவாசி சொன்ன கருவியோடு எனக்குச் சண்டை இல்லை. சொன்ன காரணத்தோடு இருக்கிறது.

32-பிட் ஃப்ளோட் காப்பாற்றுவது மைக்குக்குப் பிறகு வரும் கட்டத்தை மட்டும்தான். சத்தம் தாங்காமல் மைக்கிலேயே ஒலி பிதுங்கிச் சிதைந்துவிட்டால் பிட் எத்தனை இருந்தும் பயனில்லை. இந்த வகைக் கையடக்க ரெக்கார்டர்களின் சொந்த மைக் ஏறக்குறைய 120 டெசிபெல் வரை தாங்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் நாகஸ்வரத்துக்குப் போதும். நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசின் வாய்க்குள் நுழைக்காத குறையாக வைத்தால் போதாது. மலிவான காலர் மைக்கோ இன்னும் சீக்கிரம் பிதுங்கும்.

இன்னொரு விஷயம். மின்விசிறி இரைச்சலும் எதிரொலியும் மைக்குக்குள் குரலோடு சேர்ந்தே வருகின்றன. அளவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் கூடும். பழைய 24-பிட் கருவி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வைத்துவிட்டால் பேச்சுக்கு அதுவே தாராளம். ஜூம் ஹெச்1என், டாஸ்கம் டிஆர்-07எக்ஸ் இரண்டும் அப்படித்தான் இத்தனை காலம் நன்றாக உழைத்தன. டாஸ்கமில் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிஆர்-05எக்ஸின் மைக்குகள் எல்லாத் திசையிலும் கேட்பவை, 07எக்ஸின் மைக்குகளுக்குத் திசை உண்டு. பட்டறை இரைச்சலில் 07எக்ஸ்தான் உதவும்.

ஆனாலும் தனியாளாகப் போய், கேள்வி கேட்டுக்கொண்டே ஒலியளவு காட்டும் மீட்டரையும் கவனிக்க முடியாது என்பது உண்மை. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய வேலை இது. அந்தக் காரணத்துக்காக எசென்ஷியல் வாங்குங்கள் என்றால் நானும் ஆமோதிக்கிறேன்.

வைகைக்கரை:

செவிச்செல்வம் ஐயா, சோதித்துப் பார்த்தேன். அதே போன்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மாற்றம். வித்தியாசம் புரிகிறது. ஆனால் ஒருமணி நேரம் ஒருவர் நெஞ்சருகே எதையாவது நீட்டிக்கொண்டே இருக்க முடியுமா? காலர் மைக்தான் வழியென்று தோன்றுகிறது. கம்பியில்லாதது வாங்கலாமா?

சுரபுன்னை:

காலர் மைக் என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் கிராமங்களில் முதியவர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்துவருகிறேன். என் முதல் கேள்வி: காலர் எங்கே இருக்கிறது? சூளையடியில் வேலை செய்பவர் மேலுடம்பில் துண்டு மட்டும் போட்டிருப்பார். சில நேரம் அதுவும் தலையில் இருக்கும்.

நான் செய்வது இது. துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லி, நெஞ்சுப் பக்கம் தொங்கும் ஓரத்தில், மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே கிளிப்பைப் போடுவேன். மைக்குக்குக் கீழே ஒயரைச் சிறு வளையமாகச் சுருட்டி அதையும் கிளிப்பிலேயே மாட்டிவிடுவேன். அப்போதுதான் அவர் கையை அசைக்கும்போது ஒயர் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. பெண்கள் என்றால் முந்தானையின் தோள் மடிப்பில் போடலாம், ஆனால் கண்டாங்கிச் சேலையின் மொடமொடப்பு உராயும். பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள். தாலி, சங்கிலி, உத்திராட்ச மாலை மூன்றும் மைக்கில் இடித்துக்கொண்டே இருக்கும். மாட்டும் முன்பே பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். மைக்கை நீங்களே போய் மாட்டிவிடாதீர்கள். கையில் கொடுத்து, இப்படி மாட்டிக்கொள்ளுங்கள் என்று உங்கள் சட்டையில் மாட்டிக் காட்டுங்கள்.

மாட்டிய பிறகு ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுங்கள். மைக் இருப்பதை அவர் மறந்த பிறகுதான் உண்மையான பேச்சு வரும்.

யாழ்வாசி:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கம்பியில்லா மைக் பற்றிக் கேட்டீர்கள். ரோட் வயர்லெஸ் கோ 2 போன்றவற்றில் ஒரு பெட்டியும் இரண்டு மைக்கும் வரும். சட்டையில் மாட்டும் மைக்கே தனக்குள்ளும் பதிவு செய்துகொள்வதால் அலைவரிசை அறுந்தாலும் பேச்சு தப்பிவிடும். அது பெரிய வசதி. ஆனால் விலை அண்ணன் சொன்ன தொகையை ஏறக்குறைய விழுங்கிவிடும். பேட்டரியும் உள்ளேயே அடைத்து வைத்தது. தீர்ந்தால் மாற்ற முடியாது, மின்னேற்றம் செய்யத்தான் வேண்டும்.

மலிவான வகைகளில் ஒரு ஆபத்து உண்டு. இரைச்சல் நீக்கும் வசதி என்று ஒரு பொத்தான் இருக்கும். சிலவற்றில் வாங்கும்போதே அது இயங்கும் நிலையில் இருக்கும். பேச்சல்லாத எல்லாவற்றையும் அது இரைச்சலென்று எண்ணும். ஒருவர் கடத்தைத் தட்டினால் முதல் அடி மட்டும் கேட்கும், அதன் கார்வை அறுந்துபோகும். வீணைத் தந்தியின் கமகமும் அப்படியே. சொல்லின் இறுதியில் மெல்ல ஒலிக்கும் மெய்யெழுத்துகளையும் அது கடித்துத் தின்றுவிடும். உங்கள் நிகழ்ச்சிக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. எந்த மைக் வாங்கினாலும் முதலில் அந்த வசதியை நிறுத்துங்கள்.

நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் பேசப்போகிறீர்கள். நடந்துகொண்டே பேசவில்லை. ஒயர் மைக் போதும்.

செவிச்செல்வம்:

யாழ்வாசி சொன்னதை வழிமொழிகிறேன். செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

சிறிய ரெக்கார்டரில் 3.5 மில்லிமீட்டர் மைக் துளை ஒன்றுதான் இருக்கும். ஆனால் அது ஸ்டீரியோ துளை. இடம், வலம் என்று இரண்டு தடம் அதற்குள் போகிறது. இடத்தில் ஒரு மைக், வலத்தில் ஒரு மைக் என்று பிரித்துக்கொடுக்கும் ஒய் வடிவ ஒயரை வாங்கினால் இரண்டு காலர் மைக்கும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். அவர் பேசும்போது நீங்கள் இருமினால் உங்கள் தடத்தை மட்டும் வெட்டலாம். மைக்குக்கு வேண்டிய சிறு மின்னழுத்தத்தை ரெக்கார்டரே கொடுக்கும். அமைப்பில் பிளக்-இன் பவர் என்று இருப்பதை இயக்க வேண்டும்.

கடையில் கேட்கும்போது கவனம். ஒரே பாட்டை இரண்டு ஹெட்போனில் கேட்பதற்கான பிரிப்பானும் பார்ப்பதற்கு இதேபோல் இருக்கும். அது இடம்-வலத்தைப் பிரிக்காது, இரண்டையும் கலந்துவிடும். வாங்கிய உடனே ஒரு மைக்கை மட்டும் தட்டிப் பாருங்கள். ஒரு பக்க மீட்டர் மட்டும் துள்ளினால் சரியான ஒயர்.

மைக்கின் செருகியையும் உற்றுப்பாருங்கள். உலோகத்தில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கென்று செய்தது. இரண்டு வளையம் இருந்தால் ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் பொருந்தும். போன் மைக்கை ரெக்கார்டரில் நேராகச் செருகினால் சில நேரம் கேட்கும், சில நேரம் வெறும் உறுமல்தான் வரும். இடையில் ஒரு மாற்றி போட வேண்டும். போயா பிஒய்-எம்1 போன்ற சிலவற்றில் போனுக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சே இருக்கிறது. அதில் 6 மீட்டர் ஒயர் வரும், தேவைக்கு மேல் நீளம். ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சின்னப் பொத்தான் பேட்டரி ஒன்றும் இருக்கும், மாற்று பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.

கலையரங்கம்:

எல்லாரும் காலர் மைக் என்றே பேசுகிறீர்கள். கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஷூர் எஸ்எம்58 1966-இல் வந்தது. இன்றும் கோயில் திருவிழா மேடை முதல் மாநாட்டு மேடை வரை அதுதான் நிற்கிறது. கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருக்கும் கடைசல் இயந்திரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். பாட்காஸ்ட் செய்பவர்கள் வைத்திருக்கும் எஸ்எம்7பி-யையும் யோசிக்கலாமே?

நெல்லைச்சீமை:

எஸ்எம்58 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இரைச்சலான இடத்தில் காலர் மைக்கைவிட அது மேல். எஸ்எம்7பி இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அதன் ஒலியுணர்வு மிகக் குறைவு. குரலைத் தேவையான அளவுக்கு உயர்த்த 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்க வேண்டும். பல சிறு கருவிகளில் அந்த அளவுக்கு ஏற்றினால் உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்து வரும். கனமும் அதிகம், தாங்கி இல்லாமல் நிற்காது. ஓரிடத்தில் பொருத்திவைக்கும் ஸ்டுடியோ மைக் அது.

டைனமிக் மைக்கின் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் ஒயரை ஹெச்1 வகையில் செருக இடமில்லை. அதற்கு ஜூம் ஹெச்4 எசென்ஷியல், டாஸ்கம் டிஆர்-40எக்ஸ் போன்றவற்றுக்குப் போக வேண்டும். வைகைக்கரை கேட்ட நான்கு மைக் பெட்டி, ஜூம் பாட்டிராக் பி4, இரண்டு டபுள்-ஏ பேட்டரியிலேயே ஓடும். நான்கு பேருக்கும் தனித்தனி ஹெட்போன் துளை இருக்கிறது. தொலைபேசியில் ஒருவரை இணைத்துப் பேசவும் முடியும். நான்கு நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் அதில் சொந்த மைக் கிடையாது. நாகஸ்வரத்தை எடுத்து ஊதுகிறார் என்றால் பையிலிருந்து எதை எடுத்துச் சட்டென்று நீட்டுவீர்கள்? இரண்டு மைக், இரண்டு ஒயர், தாங்கிகள் என்று பையும் நிறைந்துவிடும், பணமும் தாண்டிவிடும்.

பட்டறைவாசி:

மின்விசிறியை யாரும் பேசவில்லையே. என் அனுபவத்தில் பதிவைக் கெடுப்பது பாதிக்கு மேல் அதுதான். பேசும் நேரத்துக்கு நிறுத்திவிட வேண்டும், வேறு பேச்சே இல்லை. குளிர்பெட்டியும் அப்படியே. அடுப்படியில் குக்கர் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சுரபுன்னை:

சித்திரை வெயிலில் எழுபது வயதுக்காரரிடம் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, சகோதரரே. வியர்த்து வழியும்போது யாருக்குப் பேச்சு வரும்? மைக் நெருக்கமாக இருந்தால் விசிறியின் சத்தம் பின்னணியில் அடங்கிவிடும். மேசை விசிறி என்றால் காற்று மைக்கில் நேராகப் படாமல் திருப்பி வைத்தால் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி ரெக்கார்டரிலேயே இருக்கும், அதைப் போட்டால் உறுமல் பெரும்பகுதி போய்விடும். வாத்தியத்தைப் பதியும் நேரத்தில் மட்டும் விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது அவரே அதைத்தான் விரும்புவார்.

ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதை நிரப்பினால் வெட்டியது காதுக்குத் தெரியாது.

பட்டறைவாசி:

அக்கா சொல்வது நியாயம். வாத்தியத்துக்கு மட்டும் நிறுத்தினால் போதும், ஏற்றுக்கொள்கிறேன்.

மெமரி கார்டு பற்றி ஒன்று. இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒரு கார்டு வாங்கினேன். மேலே எழுதியிருந்த கொள்ளளவு உள்ளே இல்லை. பாதிக்கு மேல் பதிவான கோப்புகள் திறக்கவே இல்லை. விற்றவர் பதிலும் சொல்லவில்லை. புதுக் கார்டை முழுக்க நிரப்பிச் சோதிக்காமல் ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 32-பிட் ஸ்டீரியோ பதிவு மணிக்குச் சுமார் 1.4 ஜிபி எடுக்கும். 32 ஜிபி கார்டில் இருபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பெரிய கார்டுக்குப் பணம் போடுவதைவிட, நம்பகமான சின்னக் கார்டு இரண்டு வாங்குவது மேல்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்: ஹெச்1 எசென்ஷியல், ஒயர் காலர் மைக் இரண்டு, இடம்-வலம் பிரிக்கும் ஒயர், காதை முழுக்க மூடும் ஹெட்போன், 32 ஜிபி கார்டு இரண்டு, கைப்பிடியாகவும் நிற்கும் சின்ன முக்காலி, காற்றுக்கு ரோம உறை. எல்லாம் சேர்த்தும் தொகையில் மீதி இருக்கிறது.

மானாமதுரைக்குப் போய்வந்தேன். பெரியவர் ஈரக் கடத்தைத் தட்டிக்கொண்டே பேசினார். வெளியே தட்டுப்பலகை, உள்ளே கல். மண் இறுக இறுக அடியின் ஓசை மாறுகிறது. ஹெட்போனில் கேட்டபோதுதான் அதைக் கவனித்தேன். அவரிடமும் ஹெட்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சுட்ட கடங்கள் மூன்றை எடுத்துவந்து ஒவ்வொன்றின் கழுத்திலும் வயிற்றிலும் தட்டி, எது எந்தச் சுருதிக்கு நிற்கும் என்று அவராகவே விளக்கத் தொடங்கிவிட்டார். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பகுதியை அப்படியே வெட்டாமல் வெளியிடப்போகிறேன். பதிவின் பிரதியை அவருடைய மகனின் போனுக்கு அங்கேயே அனுப்பிவிட்டேன்.

இரண்டு ஐயங்கள். வெளியிடும்போது ஒலியளவு எவ்வளவு இருக்க வேண்டும்? அடுத்து நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரத்தை எப்படிப் பதிவது?

யாழ்வாசி:

மூன்று கடத்தையும் அவரே எடுத்துவந்தார் என்று படித்தபோது மனம் நிறைந்தது, அண்ணா.

ஒலியளவுக்கு: ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலிச் செறிவின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் ஒலிச் செறிவைச் சமப்படுத்தும் கட்டளை இருக்கிறது, இலவசம்தான். இரண்டு குரலையும் தனித்தனியே சமப்படுத்திவிட்டுப் பிறகு சேருங்கள். வாத்தியப் பகுதியைக் குரலளவுக்கு நசுக்க வேண்டாம், சற்றுக் கூடவே இருக்கட்டும்.

நெல்லைச்சீமை:

நாகஸ்வரத்துக்குக் காலர் மைக்குகளைக் கழற்றிவிடுங்கள். வெளி மைக் செருகியிருக்கும்வரை ரெக்கார்டரின் சொந்த மைக் வேலை செய்யாது. முக்காலியில் ரெக்கார்டரை நிறுத்தி, வாசிப்பவரின் நெஞ்சு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ஒலி அணைசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணைசுக்கு நேரெதிரே வைத்தால் காதைக் குத்தும் பகுதி மட்டும் பதிவாகும். பக்கத்தில் வைத்தால் இரண்டும் கலந்து இயல்பாக இருக்கும். வாசிக்கும்போது 80 ஹெர்ட்ஸ் வெட்டை எடுத்துவிடலாம், விசிறி நின்றிருக்குமே.

முடிந்தால் பட்டறைக்குள் வேண்டாம், திண்ணையிலோ முற்றத்திலோ வாசிக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த ஓட்டுக்கூரைக்கும் நெருங்கிய சுவருக்கும் நடுவில் அந்த ஓசை ஒன்றன்மேல் ஒன்றாக மோதும். திறந்த வெளிக்குச் செய்த வாத்தியம் அது.

நாகஸ்வரம் செய்யும் ஆச்சா மரத்தைக் கடையும் ஒலியை அவர் வேலை செய்யும் நேரத்திலேயே தனியாக எடுத்துவிடுங்கள். பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் மரத்தைத் தேடி வாங்குகிறார்கள், அதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

சுரபுன்னை:

நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் ஈரப்படுத்தி, வாத்தியத்தில் பொருத்தாமல் தனியாக ஊதிப் பார்ப்பார்கள். ஒரு சின்னப் பீப்பொலி வரும். அதை ரெக்கார்டரைக் கையில் பிடித்து ஒரு முழ தூரத்தில் எடுங்கள், நெருங்கினாலும் பிதுங்காது. விரலைக் கருவியின் உடம்பில் நகர்த்தாதீர்கள், அந்த உராய்வு பெரிதாகக் கேட்கும். முக்காலியைக் கைப்பிடியாக மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

குறித்துக்கொண்டேன், அக்கா. பேட்டரி பற்றி மட்டும் ஒன்று: மின்னேற்றம் செய்யும் நிக்கல் வகையைப் போடலாமா?

செவிச்செல்வம்:

போடலாம், தம்பி. அமைப்பில் பேட்டரி வகை என்று இருக்கும் இடத்தில் நிக்கல் வகையைத் தேர்ந்துவிடுங்கள். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான், வகையை மாற்றாவிட்டால் பாதி இருக்கும்போதே தீரப்போகிறது என்று காட்டும். பையில் ஒரு ஜோடி சாதாரண பேட்டரியும் இருக்கட்டும்.